கபினிக்குக் கொடுத்த வெல்லம்

குதிரைக்குட்டி கபினி மறுபடியும் முட்டியது. பர்னபாஸ் கயிற்றைச் சுண்டி, உள்ளங்கையை அதன் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

"பின்னால போ."

குட்டி இரண்டடி பின்வாங்கி நின்றது. ஆனால் அதன் காதுகள் அவர் பக்கம் திரும்பவில்லை. லாயத்து வாசலில் நின்ற அவர் மனைவி மோலியின் பக்கமே நிமிர்ந்திருந்தன. அதைப் பார்த்த மோலி முந்தானை முடிச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மண்டி மொஹல்லா என்கிற பேட்டையில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிற தொட்டையனின் லாயம் அது. இருபது வருஷமாக அங்கே குட்டிகளைப் பழக்குகிறவர் பர்னபாஸ். வெடிச் சத்தத்தில் மாப்பிள்ளையைச் சுமந்து அசையாமல் நிற்க வேண்டிய பிராணி, முதலில் தரையில் நிற்கிற மனிதனுக்கு மரியாதை கொடுக்கட்டும் என்பார். மேலே விழக்கூடாது. சட்டைப் பையை மோந்து பார்க்கக்கூடாது. கேட்டால் காலைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். தீனி தொட்டியில்தான், கையில் ஒரு பருக்கை கிடையாது. "கையில தின்ன குட்டி ஆளையே தீனிப்பையா நெனச்சிரும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பார்.

மோலிக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் கபினி பிறந்த நாலாம் நாள் தாய்க்குதிரை செத்துவிட்டது. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் மோலி. பிள்ளையில்லாத வீட்டில் அது என்னென்ன செய்யும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து முந்தானையிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுப்பாள். குட்டி முதலில் நக்கியது, அப்புறம் தேடியது, அப்புறம் மார்பில் முட்டிக் கேட்டது. முட்டினால் வெல்லம். பர்னபாஸ் மூன்று மாதமாகச் சொல்லிக்கொடுப்பதைவிட இந்தப் பாடம் சீக்கிரம் படிந்துவிட்டது.

"ஒரு வாரமா முட்டுது. ஏம்மா, நீ ஏதாச்சும் கையில குடுக்கறியா?"

"நானா? இல்லங்க."

"குடுத்திருந்தா சொல்லிரு, திட்ட மாட்டேன். தெரிஞ்சா முதுகு காட்டாம வேல செய்வேன், அவ்வளவுதான்."

"அதான் இல்லன்னு சொல்றேனே."

அவர் நம்பினார். அதுதான் பாழாய்ப்போன விஷயம். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் மோலியின் ஒரு வார்த்தையையும் அவர் சந்தேகப்பட்டதில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கீழே கிடந்த பிரஷ்ஷை எடுக்கக் குட்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"என்னங்க" என்று மோலி வாயெடுத்தாள். அதற்குள் குட்டி முட்டிவிட்டது. கோபமாக இல்லை, கேட்கிற முட்டுதான். பர்னபாஸின் நெற்றி தண்ணீர்த் தொட்டியின் கல் விளிம்பில் போய் இடித்தது. அதன் பிறகு கபினி ஓரடிகூட நகரவில்லை. சொல்லிக்கொடுத்தபடி அப்படியே நின்றது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

மறுநாள் வீட்டுக்கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தார். சபைக்காரர்கள் தணிந்த குரலில் பாடினார்கள். வந்தவர்களெல்லாம் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள்: ஆனைக்கும் அடி சறுக்கும். மோலிக்கு அது பொறுக்கவில்லை. அவருக்கு அடி சறுக்கவே இல்லை.

தொட்டையன் பக்கத்தில் வந்து குனிந்தார். கொள்ளேகால்காரர், மெதுவாகப் பேசுகிறவர்.

"மனசத் தேத்திக்குங்க அம்மிணி. ஆளக் கொன்ன குட்டிய வெச்சிருக்கப்படாதுங்க. டேவிஸ் தம்பி எஸ்.டி.டி. பூத்துல இருந்து மாட்டு டாக்டருக்குச் சொல்லிட்டாரு. பன்னண்டு மணிக்கு லாயத்துல ஊசி போட்டு முடிச்சிருவாருங்க."

டேவிஸ் பர்னபாஸின் தம்பி. அண்ணன் தலைமாட்டில் சிவந்த கண்ணோடு நின்றான். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றே முக்கால்.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியவரும் தெரியாமலே போய்விட்டார். பன்னிரண்டு மணிக்குமேல் சாட்சிக்கு ஒரு குதிரைகூட இருக்காது. இந்த நினைப்பு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததைக் கண்டுதான் அவள் நடுங்கிப்போனாள்.

"டேவிஸ்."

"சொல்லுங்க அண்ணி."

"குட்டி மேல தப்பில்லப்பா. நான்தான் வெல்லம் குடுத்து முட்டப் பழக்கினேன். உங்கண்ணன் கேட்டாரு. இல்லன்னு பொய் சொல்லிட்டேன்."

பாட்டு நடுச்சரணத்தில் நின்றது. தொட்டையன் "டாக்டர நிறுத்தறனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கினார்.

டேவிஸ் கட்டுப் போட்ட அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியை மூடுவதற்கு முன் மனைவி வந்து நெற்றியில் முத்தமிட வேண்டும். பாஸ்டர் அதற்காக ஒதுங்கி வழிவிட்டார். மோலி எழுந்தாள்.

"மூடுங்க" என்றான் டேவிஸ், மூடியோடு நின்ற தச்சரிடம்.

"தம்பி, அவங்க இன்னும்..." என்றார் பாஸ்டர்.

"மூடுங்க."

முத்தமிட விடச் சொல்லி மோலி கேட்கவில்லை. தச்சர் ஒரு தடவை அவளைப் பார்த்தார். பிறகு மூடியை இறக்கிவைத்து, திருகாணிகளை எடுத்தார். ஆறு இருந்தன. கடைசித் திருகாணி இறங்குகிறவரை அவள் எழுந்த இடத்திலேயே நின்றாள்.