பேரரசரின் கழுத்தில் ஒரு கோடு

பேரரசர்கள் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காத காலம் அது. நான் ரோமாபுரியில் காசு அடிக்கும் அக்கசாலையின் அடிமை, சம்மட்டிக்காரன், பெயர் டாமா. என் கூட்டாளி ஒநேசிமு சூடான வெள்ளி வில்லையைக் குறடால் எடுத்து வைப்பான். பட்டடையில் பதித்த கீழ் அச்சில் பேரரசரின் முகம்; மேல் அச்சில் வெற்றித் தேவதை. தேவதையின் தலையில் ஒரு போடு போட்டால் காசு.

புது மேற்பார்வையாளர் கல்வென்டியஸ் வந்த அன்றே குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"டேய், கீழ கெடக்கிறது யாருடா?"

"பேரரசருங்க எசமான்."

"ஒரு பொம்பளைக்குக் கீழயா? ராஜத்துரோகம்டா! தூக்கி மேல வை!"

"மேல் அச்சுலதான் எசமான் அடி விழும். சீக்கிரம் விரிசல் விட்டுரும். அதனாலதான் முகத்தக் கீழ வைக்கிறது."

"ஒன் சம்மட்டிக்கு நம்ம பேரரசரு ஒடஞ்சிருவாரா?"

அதற்கு மேல் பேச எனக்கு இன்னொரு கழுத்து இல்லை. கொல்லனை வைத்து அச்சுகளை மாற்றிப் பொருத்தினார்கள்.

மூன்றாம் நாள் முக அச்சு விரிசல் விட்டது. காசில் பேரரசரின் தாடைக்குக் கீழே, கத்தி வைத்தாற்போல் ஒரு கோடு. நாங்கள் கவனிப்பதற்குள் இரண்டு கூடைக் காசு பேரரசரின் காவற்படை முகாமுக்குச் சம்பளமாகப் போய்விட்டது.

"வேணும்னே அடிச்சிருக்கான்" என்று கல்வென்டியஸ் மேலிடத்துக்கு எழுதினார். என் காலில் விலங்கு ஏறியது. தண்டனை இஸ்பானியாவின் வெள்ளிச் சுரங்கம். என் அண்ணன் அங்கே போனவன்தான். இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை.

"இம்புட்டு நாளா வெள்ளிய அடிச்ச. அது பொறக்குற எடத்தையும் பாத்துட்டு வாண்ணே" என்றான் ஒநேசிமு. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான்.

கோவேறு கழுதை வண்டி வாசலில் நின்றபோது சேதி வந்தது. குளியலறையில் வைத்துப் பேரரசரைக் காவற்படை முடித்துவிட்டது. அந்தப் படையின் தலைவர்தான் இனிப் பேரரசர்.

கல்வென்டியஸ் உட்கார்ந்து புதுப் பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். கொடுங்கோலனின் கழுத்தை முதலில் அறுத்தது தானே என்றும், அதற்காகவே முக அச்சை மேலே வைக்கச் சொன்னதாகவும் அதில் இருந்தது. ஒரே வாரத்தில் அவர் விரலில் பிரபுக்கள் போடும் தங்க மோதிரம்.

என் விலங்கைக் கழற்றினார்கள். இரக்கம் ஒன்றும் இல்லை. காவற்படைக்குப் பத்தே நாளில் புது முகம் போட்ட காசு கொடுத்தாக வேண்டும். சம்மட்டிக்கு ஆள் வேண்டும். வீங்கின காலை ஊன்றி அடித்தேன்.

முதல் காசை ஒநேசிமு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இவருக்கு மூக்கு கொஞ்சம் பெருசுண்ணே."

"அடுத்த வில்லைய வையிடா" என்றேன்.