கல்லைக் கும்பிட்ட ராஜா

ரோமாபுரியை ஆண்ட ராஜாக்களிலேயே பெரிய பைத்தியம் என்று பெயர் வாங்கிய ஒருவனுடைய வேடம் எனக்குக் கிடைத்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது 1932. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். பக்கிரிசாமியாகிய நான் பினாங்கில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் தற்காலிக வாத்தியார். என்னை நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று மாதக் கடைசியில் ஹெட்மாஸ்டர் துரை தீர்மானிக்க வேண்டும். அந்தத் துரையே பரிசளிப்பு விழாவுக்கு நாடகம் எழுதி, என்னைக் கூப்பிட்டு ராஜா வேடம் தந்தால் நான் என்ன நினைப்பேன்? வேலை கைக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"நீ கீழ்த்திசைக்காரன், பக்கிரி. உனக்கு முகத்தில் அதிகம் பூச வேண்டியிருக்காது," என்று துரை இங்கிலீஷில் சொன்னார். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ராஜாவின் பெயர் ஹெலியோகபாலஸ். சிரியா தேசத்தில் ஒரு கோயிலின் பரம்பரைப் பூசாரி வீட்டுப் பையன். அந்தக் கோயில் சாமிக்கு முகம் இல்லை, கை கால் இல்லை. அடி அகன்று நுனி குவிந்த கருங்கல் ஒன்றுதான் சாமி. அதைத்தான் அவர்கள் சூரியன் என்று கும்பிட்டார்கள். பதினாலு வயதில் அவனுக்கு ரோம் சிம்மாசனம் கிடைத்தது. கிளம்பும்போது கல்லையும் கூடவே கொண்டுபோனான். அரண்மனைக் குன்றின்மேல் அதற்குப் பெரிய கோயில் கட்டினான். கோடை காலத்தில் அதைத் தேரில் ஏற்றி ஊர்வலம் விட்டான். தேரில் வேறு யாரும் ஏறக்கூடாது. ராஜாவே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, சாமிக்கு முதுகு காட்டாமல், அதையே பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தான். நாலு வருஷத்தில் சொந்தச் சிப்பாய்களே அவனைக் கொன்று ஆற்றில் எறிந்துவிட்டார்கள்.

துரை இதைச் சிரிப்பு நாடகமாக்கியிருந்தார். குதிரை முகமூடி போட்ட பையன்கள் வண்டியை இழுப்பார்கள். வண்டியில் கல் இருக்கும். பட்டு அங்கியும் முத்து மாலையுமாக நான் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்து வருவேன். மேடையின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. அங்கே வந்ததும் அங்கி தடுக்கி மல்லாக்க விழ வேண்டும். கால் இரண்டும் மேலே போக வேண்டும். நாடகத்தின் உச்சக்கட்டமே என் பின்பக்கம் பலகையில் மோதும் சத்தம்தான்.

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். குயின் தெருவில் மாடியில் ஓர் அறை எங்கள் வீடு. என் மனைவி தனலெட்சுமி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் சுவரிலிருந்து சுவருக்குப் பின்னாலேயே நடந்தேன்.

"என்ன, ரதத்துக்கு முன்னால நடக்கிற மாதிரியே நடக்கிறீங்க?" என்றாள்.

"இது ரோம் கதைலா. நாடகம்."

கதையைச் சொன்னேன். விழும் இடத்தில் நன்றாகவே விழுந்து காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"சாமியப் பார்த்துக்கிட்டு நடக்கிறாரு. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"சாமியா? அது வெறும் கல்லு, தனம்."

"அப்ப தண்ணிமலை முருகன் கோயில்ல இருக்கிறது என்ன? பஞ்சா?"

எனக்குச் சுருக்கென்றது. வாயைக் கொடுத்துவிட்டேன், இனி அவள் விடமாட்டாள்.

முந்தின வருஷம் எங்கள் குழந்தை பிறந்து ஒரே மாதத்தில் போய்விட்டது. அந்தத் தைப்பூசத்துக்குத் தனலெட்சுமி பால்குடம் எடுத்தாள். செட்டியார்களின் வெள்ளி ரதம் வரும்போது, கூட்டத்தோடு கூட்டமாக, அவளும் ரதத்தைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து போனாள். அழுதுகொண்டே நடந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அன்னைக்கும் மனசுக்குள்ள சிரிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"வேலைடி! இந்த மாசம் அவரு கையெழுத்துப் போடலைன்னா நாமளும் கப்பல்தான், தெரியுமா?"

"தெரியும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. வேலைக்காக அவரு கால்ல வேணும்னாலும் விழுங்க. என்னைச் சிரிக்கிறதுக்காக விழாதீங்க."

என்னைச் சிரிக்கிறதுக்காக என்றுதான் சொன்னாள். ராஜாவை என்று சொல்லவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட நூலகத்தில் உட்கார்ந்து அந்த ராஜாவைப் பற்றி இருந்ததையெல்லாம் படித்தேன். நான் அவனுக்கு வக்கீல் இல்லை. ஊதாரி, கொலைக்கு அஞ்சாதவன். ரோம்காரர்கள் கும்பிட்ட சாமிகளையெல்லாம் தன் சாமிக்கு வேலைக்காரர்கள் ஆக்கினான். பையனிடம் ராஜ்ஜியத்தைக் கொடுத்தால் குரங்கு கைப் பூமாலைதான். ஆனால் எழுதியவர்கள் கொலையைச் சொல்லும்போது சும்மா சொல்லிவிட்டு, கல்லைச் சொல்லும்போதுதான் வாய்விட்டுச் சிரித்திருந்தார்கள்.

துரையிடம் போய், விழுவதை மட்டும் எடுத்துவிடலாமா என்று பணிவாகக் கேட்டேன்.

"விழாவிட்டால் அங்கே என்ன நகைச்சுவை இருக்கிறது?" என்றார். "இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒத்துழைக்கிற வாத்தியார்கள் தேவை, பக்கிரி. உன் விஷயம் என் மேஜையில்தான் இருக்கிறது." இதைவிட விளக்கமாக எந்தத் துரையும் பேசமாட்டான்.

நாடகச் சாமான்களுக்குப் பொறுப்பு பள்ளிக்கூட க்ளார்க் அப்துல் காதர். என் கூட்டாளி. நாகூர் தர்காவில் வேண்டிக்கொண்டு பிறந்ததால் எனக்குப் பக்கிரி என்று பெயர், அதனால் என்னைப் பாதி உறவு என்பான். சூலியா தெருவில் அப்பக்கடை வைத்திருக்கும் அவனுடைய மாமாவின் பழைய ஆட்டுக்கல் குழவி ஒன்றைக் கொண்டுவந்து கழுவி, எண்ணெய் தடவி, வண்டியில் நிறுத்தியிருந்தான். நல்ல கரிய கல். அவனிடம் மனசைக் கொட்டினேன்.

"நான் கல்லக் கும்புடுறவன் இல்ல பக்கிரி," என்றான். "கும்புடுறவன விழ வச்சுச் சிரிக்கிறவன் கூடவும் நான் இல்ல. அன்னைக்குத் திரைக் கயிறு என் கையிலதான். நீ சொல்லாம இறக்கமாட்டேன்."

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் துரைமார்கள், துரைசானிகள், தவுக்கேகள் என்கிற சீன முதலாளிகள். பின்னால் பையன்களைப் பெற்றவர்கள்: ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்கள், துறைமுகக் கிராணிக் குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், அவர்கள் வீட்டுப் பெண்கள். கடைசி பெஞ்சில் தனலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தாள்.

நான் பட்டு அங்கியோடு மேடைக்கு வந்ததுமே முன்வரிசை சிரித்தது. முகமூடிப் பையன்கள் கனைத்தார்கள், அதற்கும் சிரிப்பு. நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கல்லைப் பார்த்தேன். அது அப்பத்துக்கு மாவாட்டிய கல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அதைப் பார்த்தபடி ஓரடி பின்னால் வைத்ததும், தைப்பூசத்தன்று தனலெட்சுமி வைத்த அடி அது என்று கால் சொல்லிவிட்டது. எங்கள் குழந்தையின் முகம் வந்தது. சிரிக்க வைக்கவேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வந்தது.

கோட்டுக்கு வந்தேன். விழவில்லை. கோட்டைத் தாண்டினேன். மேடையோரத்திலிருந்து துரை "விழு! விழு!" என்று கிசுகிசுத்தார். இரண்டு கையையும் கடிவாளத்தோடு சேர்த்துத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு, மெதுவாக, நாயனக்காரர் சாமியைப் பார்த்து நடக்கிற மாதிரி பின்னால் நடந்துகொண்டே இருந்தேன். பையன்களும் கனைப்பை நிறுத்திவிட்டார்கள். வண்டிச் சக்கரம் கிரீச்சிடுவது மட்டும் கேட்டது.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆண்குரல், தாங்கமுடியாமல் வந்தது போல, "அரோகரா!" என்றது.

அவ்வளவுதான். பின்பாதி மண்டபம் எழுந்து நின்றது. செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பெண்கள் கையைத் தலைக்குமேல் தூக்கினார்கள். நாடகம் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? சாமி தெருவில் வந்தால் எழுந்து நிற்கிற ஜனம், உட்காரத் தெரியவில்லை, அவ்வளவுதான். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பைத் தொடர்வதா விடுவதா என்று தெரியாமல் ஒரு துரைசானி வாயில் விசிறியை வைத்துக்கொண்டாள். நான் மேடையின் மறுகோடிவரை போய்ச் சேர்ந்து தலையாட்டிய பிறகுதான் அப்துல் காதர் திரையை இறக்கினான்.

துரை மிச்ச நாடகத்தை நிறுத்திவிட்டார். ஒரு அம்மாள் மேடையண்டை வந்து திருநீறு கேட்டுக் கையை நீட்டினாள். என்னிடம் இருந்தது முகத்துக்குப் போடும் பவுடர்தான். அதைக் கொடுக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன்.

துரை கத்தவில்லை. வெள்ளைக்காரக் கோபம் ஐஸ் மாதிரி இருக்கும். "திங்கட்கிழமை காலை எல்லா மாணவர்கள் முன்னாலும் நீ பேசுகிறாய். நீ செய்தது தப்பு என்றும், அது வெறும் கல் என்றும், அதைக் கும்பிட்டவன் முட்டாள் என்றும் சொல்கிறாய். சொன்னால் வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் அன்றைக்கே கடைசி நாள்."

அன்றிரவே தனலெட்சுமியிடம் இதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் என் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே வேலை செய்தாள். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை மேடையில் ஏறினேன். கீழே சீனப் பையன்கள், மலாய்ப் பையன்கள், நம் பையன்கள், எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இங்கிலீஷில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"அது வெறும் கல் என்று சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். அது ஆட்டுக்கல் குழவி. அந்த ராஜா கெட்டவன் என்பதையும் சொல்கிறேன். மனுஷரைக் கொன்றான். அதற்காக அவனைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் அவனைக் கொன்ற பிறகும் ரோம்காரர்கள் அந்தக் கல்லை உடைக்கவில்லை. அதன் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். ஐம்பது வருஷம் கழித்து ஆரேலியன் என்று ஒரு ராஜா, பெரிய வீரன், சிரியாவில் சண்டையில் ஜெயித்ததும் அதே கோயிலுக்குப் போய்க் கும்பிட்டான் என்று எழுதியிருக்கிறார்கள். ரோமுக்குத் திரும்பிச் சூரியனுக்குப் பெரிய கோயில் கட்டினான். அவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. தோற்றவன் கும்பிட்டால் பைத்தியம், ஜெயித்தவன் கும்பிட்டால் பக்தி. இதுவா சரித்திரம்?"

துரை நாற்காலியிலிருந்து எழுந்தார். நான் நிறுத்தவில்லை.

"அந்தப் பையன் செய்த பெரிய தப்பு, அடுத்தவன் சாமியைத் தன் சாமியின் காலடியில் போட்டது. சனிக்கிழமை இந்த மேடையில் அந்தத் தப்பைச் செய்யப் பார்த்தது நான் இல்லை. நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன்."

"நீ போகலாம்," என்றார் துரை. போய்விட்டேன்.

காலை பத்து மணிக்கு வீடு திரும்பிய புருஷனைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் விஷயம் புரியும். தனலெட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு, "கேட்டீங்களா?" என்றாள். மன்னிப்பைத்தான் சொன்னாள்.

"கேக்கல."

அப்படியே உட்கார்ந்து அழுதாள். வேலை போன துக்கமும் அதில் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு நாளா உங்க முகத்தப் பார்க்கவே பயந்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். பிறகு என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

இப்போது நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கிறேன். தகரக் கூரை, ஒரே அறை. கூட்டலும் கழித்தலும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று தோட்டத்துத் துரை உத்தரவு. ரோமாபுரி பாடத்திட்டத்தில் இல்லை. இல்லாவிட்டால் என்ன? வருஷா வருஷம் சொல்கிறேன். எவன் வந்து கேட்டாலும் சொல்வேன்.

முதல் வருஷம் சொன்னபோது, ராஜா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். இங்கும் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டும் ஒருவரின் மகள் கவலையோடு எழுந்து நின்றாள்.

"பின்னாலயே நடந்தா தடுக்கி விழுந்திருவாரே சார். யாரும் பிடிச்சுக்கலையா?"

அதுவும் சரித்திரத்தில் எழுதியிருக்கிறது. நாடகத்துக்கு உதவாது என்று பினாங்குத் துரை அதை விட்டுவிட்டார்.

"பிடிச்சுக்கிட்டாங்க," என்றேன். "வழி நெடுக ரெண்டு பக்கமும் ஆளுங்க தாங்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அவரு விழவே இல்ல."