சவரக்கத்தி ஜெபம்

"கன்னத்த உப்பிக் காட்டுன்னு சொல்ல முடியாதே அண்ணி, நீங்கதான் இழுத்துப் பிடிக்கணும்" என்றார் சலூன் வைத்திருக்கும் எதிர்க்கடைக்காரர்.

அவள் இரண்டு விரல்களால் கணவனின் கன்னத்தை இழுத்துப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மனிதர் எழுந்திருக்கவில்லை. தெருவுக்கே சவரம் செய்தவன் தாடியோடு பெட்டிக்குள் போகக் கூடாது என்று எதிர்க்கடைக்காரர் காலையிலேயே கத்தியும் சோப்புமாக வந்து நின்றார். தொழிலில் இருவரும் கீரியும் பாம்பும்தான். ஆனால் தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள எந்தச் சலூன்காரரால் முடியும்? மாதம் ஒருமுறை இவர் கடைக்கு அவரும் அவர் கடைக்கு இவரும் போய், வாய் வலிக்கச் சண்டை போட்டபடி முடிவெட்டிக்கொள்வார்கள்.

"இவன் கத்திய என் கழுத்துல வச்சுக்கிட்டு, 'தீவுல இருக்கிற டாக்டருக்காக ஜெபிக்கலாமா'ன்னு கேப்பான். மாட்டேன்னு சொல்ல எவனுக்கு அண்ணி தைரியம் வரும்?"

அழுது வீங்கிய முகத்தோடு அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் விரல் நழுவ, "அசையாதீங்க, காயமாயிடும்" என்று எதிர்க்கடைக்காரர் பழக்கதோஷத்தில் அதட்டினார்.

அதுதான் மனிதரின் பைத்தியம். எங்கோ மலையிலும் தீவிலும் கிடந்து ஊழியம் செய்கிற மிஷனரிகளுக்காகச் சபை வாய்திறந்து ஜெபிக்க வேண்டும். சபையோ, போதகர் ஜெபித்தால் ஆமென் போடும். அதற்கு மேல் அதன் வாயில் கொழுக்கட்டை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வாசலை மறித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மிஷனரி ஜெபத்துக்கு வாருங்கள் என்பார். பாதி சபை பின்வாசல் வழியாக நழுவும். மாட்டிக்கொண்ட மீதி, கட்டாயம் வருகிறோம் என்று தலையாட்டும். வெள்ளிக்கிழமை வந்து உட்காருவது அவரும் அவளும் மட்டும்தான். அவள்கூட, "ரெண்டு பேராவது வேணும்டி, ஒருத்தன் மட்டும் இருந்தா அது கூட்டமில்ல" என்று அவர் கெஞ்சியதால் போனவள். அவர் ஜெபிப்பார், இவள் கண்ணை மூடுவாள். கண்ணை மூடினால் தூக்கம் வருவது அவள் குற்றமா?

சவரம் முடிந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது போதகர் வந்தார். நல்ல மனிதர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"அம்மா, அந்த வெள்ளிக்கிழமை ஜெபத்த அவரோட நிறுத்திக்கலாம்னு பாக்கறேன். ஆளே வராத கூட்டத்துக்கு எதுக்கு வாராவாரம் ஹாலத் திறக்கணும்? இன்னைக்கு எல்லாரும் இருப்பாங்க, ஆராதனை முடிவுல அறிவிச்சிடறேன்."

"சரிங்கய்யா" என்று வாய் சொல்லிவிட்டது. ஆளைப் புதைக்கிற குழியிலேயே அவர் ஆசையையும் போட்டு மூடுவதா? ஆனால் கூடாது என்று சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? நாலு பேர் முன்னால் வாய்திறந்து ஒரு வரி ஜெபித்தவளா அவள்?

அடக்க ஆராதனையில் ஆளாளுக்கு எழுந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். வங்கி அதிகாரி, சவர நாற்காலியில் தான் நுரை அப்பிய வாயால் ஆமென் சொல்லிப் பாதி சோப்பை விழுங்கிய கதையைச் சொன்னார். பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் போதகர் தொண்டையைச் செருமியபடி எழுந்தார். அறிவிக்கப் போகிறார்.

அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் ஜெபிக்கணும்."

போதகர் உட்கார்ந்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, மலையில ஒரு நர்ஸம்மா இருக்காங்க. பாவம், அவங்களுக்கு எடது முழங்கால்ல வலி..."

"வலது" என்றது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல். தபால்காரர்.

"வலது முழங்கால், ஆண்டவரே. அப்புறம் தீவுல ஒரு டாக்டரு. அவரு படகுல துடுப்பு ஒடஞ்சு..."

"துடுப்பில்லம்மா, இன்ஜின்" என்றார் வங்கி அதிகாரி.

"இன்ஜின் போன மாசமே சரியாயிடுச்சு. இப்ப டீசல்தான் இல்ல" என்றார் எதிர்க்கடைக்காரர்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அடப்பாவிகளா! வெள்ளிக்கிழமைகளில் அவள் தூங்கியிருக்கிறாள். கத்திக்கு அடியில் கழுத்தை நீட்டியவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் இவர்கள் மண்டைக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

"எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் இத்தன நாளா சும்மா இருந்தீங்களா?" என்றாள். "எனக்கு அரகொறையாத்தான் தெரியும். மிச்சத்த நீங்களே சொல்லுங்க. ஆளுக்கு ஒண்ணு, வரிசையா. அவரு கேட்டுக்கிட்டே போகட்டும்."

யாரோ இருமினார்கள். போச்சு, மானம் போச்சு என்று அவள் நினைத்தபோது தபால்காரர் எழுந்து, நர்ஸம்மாவின் முழங்காலுக்காகத் திக்கித் திக்கி ஜெபித்தார். அடுத்து வங்கி அதிகாரி. அடுத்து அவர் மனைவி, புருஷன் சவரம் செய்துகொண்டு வந்து சொல்லியதை வைத்து, பாலைவனத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிணறு கேட்டாள். பிறகு முன்வரிசையிலிருந்து வரிசையாகத் தொடங்க, போதகரின் முறை வந்தது.

"ஆண்டவரே, வெள்ளிக்கிழமைய நிறுத்தப் பாத்தேன். மன்னியும்" என்றார் அவர். "இனி வாராவாரம் ஆறு மணிக்கு நானும் வந்துடறேன்."

அவள் ஆமென் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

ஜெபம் வரிசை வரிசையாகப் பின்னால் நகர்ந்தது. பெட்டியை ஏற்றிப்போக வந்த வண்டியின் டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் உள்ளே வந்து அவள் காதருகில் குனிந்தார்.

"நேரமாச்சும்மா. எடுத்துரலாமா?"

அவள் கணவனின் சட்டைக் காலரை நீவிவிட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. இன்னும் பின்வரிசை பாக்கி இருக்கு."

டிரைவர் அங்குமிங்கும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்வரிசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.