மெம்பர் வீட்டு மண்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எனக்குச் சொந்தமான கதை இல்லை. மச்சானோடு வேலந்தாவளம் சந்தைக்கு மாடு பார்க்கப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. நவ்ஷாத் பாயின் கடைக்குள் ஒதுங்கினேன். மூக்கணாங்கயிறு, கழுத்துமணி, தவிடு, பருத்திக்கொட்டை விற்கிற கடை. பின்னாலேயே வீடு. காற்றில் திரைச்சீலை விலகியபோது உள்ளே நீல வெளிச்சத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி தெரிந்தது. மாட்டுக் கயிறு விற்கிற வீட்டில் கடல்மீன் தொட்டியா என்று வாயைக் கொடுத்தேன். மழை விட்ட பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார். மச்சான் மாடு வாங்காமலே திரும்பினான், இன்னும் என்னைத் திட்டுகிறான்.

கேட்டதைக் கேட்டபடி மனசுக்குள் வைத்திருக்கலாம். எழுதுகிறவனுக்கு அந்த நல்ல புத்தி ஏது?

2

ஆரம்பம், முதல் முயற்சி: கண்ணாடிச் சுவர்களுக்குள் ஒரு கடல் உறங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில்—

(வேண்டாம். கடலுமில்லை, உறக்கமுமில்லை. பாக்கெட் உப்பைக் கரைத்த தண்ணீர், மோட்டார் சத்தத்தோடு.)

இரண்டாம் முயற்சி: மகன் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து ஷமீனா முதன்முறையாக—

(இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே பிள்ளையைச் சாகடிக்க மனசு வரவில்லை. ஒரு பகுதி முழுக்கவாவது அவன் இருக்கட்டும்.)

3

ஜாஸிம் இருக்கிறான். இருபத்தொரு வயது. நவ்ஷாத், ஷமீனாவுக்கு ஒரே பிள்ளை. தொட்டி வாங்கியாயிற்று, அடியில் என்ன போடுவது என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொள்கிறான். பெரிய பரலாகப் போட்டால் இடுக்கில் தீனி தங்கி அழுகும். மாவு மாதிரி மணல் என்றால் மோட்டார் ஓட்டத்தில் பறக்கும். ஒன்றுமே போடாமல் வெறும் கண்ணாடியாக விட்டால் சுத்தம் செய்வது சுலபம். கடைசியில் நைசும் பரலும் கலந்த பவழ மணலை நான்கு விரற்கடை உயரத்துக்குத் தன் கையாலேயே பரப்புகிறான்.

காரணம், அவன் வாங்க நினைத்திருந்த ஜோடி. விரல் நீளத்தில் ஒரு மீன், கூடவே ஒரு இறால். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது மண்ணைத் தோண்டி வளை போடும், மீன் வாசலில் காவல் இருக்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசையை மீன் மேல் வைத்துக்கொண்டே வரும். ஆபத்தென்றால் மீன் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே ஓடிவிடும். அந்த வளை இடியாமல் நிற்கக் கலப்பு மண் வேண்டும்.

(இட்டுக்கட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். சத்தியமாக இல்லை. நான் இட்டுக்கட்டினால் இவ்வளவு நன்றாக வராது.)

எந்நேரமும் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்ப்பதால் மீனுக்கு மெம்பர் என்று பெயர் வைத்தான். மண் அள்ளுகிற இறால் பொக்லைன். பஞ்சாயத்து மெம்பர் அப்புசாமி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, என்னைய நக்கலடிக்கிறியா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தாராம்.

"மண்ணு அள்ளிப் போடறதுக்கு இத்தன ரோசனையா கண்ணு?" என்று ஷமீனா கேட்டாள்.

"மண்ணுதாம்மா அதுகளுக்கு ஊடு."

4

இனியும் தள்ளிப்போட முடியாது.

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் வருஷம், மே மாதம். மூன்று பேருக்கும் கொரோனாக் காய்ச்சல். ஜாஸிமை மட்டும் ஆம்புலன்ஸில் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அத்தாவும் அம்மாவும் வீட்டுக்குள் அடைபட்டார்கள். வார்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

"அம்மா, தண்ணி கொறஞ்சா ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்துங்க, போதும். நான் வர்ற வரைக்கும் மண்ணத் தொட்டுராதீங்க. கெளறுனா வெசம் கெளம்பும்."

"செரி கண்ணு. நீ பேசாத, படு."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. "நீ பேசாத" என்று தான் சொன்னதற்காக ஷமீனா இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட வளண்டியர்கள் அடக்கம் செய்தார்கள். கபர்க் குழியில் இறக்கியதும் கூட வந்தவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள். சொந்தமாக இருக்கவேண்டுமென்றில்லை, கபரடி வரைக்கும் வந்தவர் யாரும் போடலாம் என்று நவ்ஷாத் எனக்கு விளக்கினார். பெற்ற தகப்பனால் போட முடியவில்லை. அப்புசாமி அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தார்.

"கையுறை போட்ட ஒரு கை போட்டுச்சுங்க. ஆரு பெத்த புள்ளையோ தெரியாது. அது நல்லாருக்கோணும்."

ஷமீனா அந்த வீடியோவைப் பார்க்கவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் அடக்கத்துக்குப் போகிற வழக்கமும் இல்லை. அவளைப் பொறுத்தவரை பிள்ளை ஆம்புலன்ஸில் ஏறிப் போனான், வருகிறவரைக்கும் மண்ணைத் தொடாதே என்று சொன்னான். அவள் தொடவில்லை.

5

நான்கு வருஷம். தினமும் ஒரு சொம்பு தண்ணீர். தொட்டியை விற்ற பாலக்காட்டுக் கடைக்காரன் ரிஜின் மாதம் ஒருமுறை வந்து உப்புத்தண்ணீர் மாற்றிக் கொடுப்பான். குழாயை மண் பக்கம் கொண்டுபோனால் மட்டும் ஷமீனா அவன் கையைப் பிடித்துவிடுவாள்.

இந்த வருஷம் கண்ணாடியோரம் மண் கறுத்தது. கூமுட்டை நாற்றம் அடித்தது. ஜாஸிம் கூடவே வாங்கி விட்டிருந்த ஆரஞ்சு மீன் இரண்டும் ஒரே வாரத்தில் செத்தன. மிஞ்சியது மெம்பரும் பொக்லைனும். ஜாஸிம் விட்டுப்போன உயிர் என்று அந்த வீட்டில் இனி அவை இரண்டுதான்.

"இத்தா, இது இப்போ மண்ணில்ல, விஷமாக்கும்," என்றான் ரிஜின் ஷமீனாவிடம். "மூணுல ஒரு பாகம் எடுத்துட்டு புது மண்ணு போடணும். பாக்கிய பின்னால மெல்ல மெல்ல மாத்தலாம். மொத்தமா எடுத்தா அதுல இருக்கிற நல்ல கிருமியும் போயிரும். இல்லேன்னா வெறும் கண்ணாடியா விட்டுரலாம், அதான் எளுப்பம்."

ரிஜின் போன பிறகு நவ்ஷாத் பேச்செடுத்தார்.

"ஜாஸிம் சொன்னது ஆஸ்பத்திரியில இருக்கிற அந்தப் பத்து நாளைக்கு, ஷமீனா."

"பத்து நாள்னா சொன்னான்? வர்ற வரைக்கும்னு சொன்னானுங்க."

"அவன் வர மாட்டாம்மா."

நான்கு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. ஷமீனா தொட்டியடிக்குப் போனாள். அன்றைக்கு ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது என்பதை மறந்து இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள்.

(இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஒன்றும் தெரியாதவளாக ஷமீனாவை எழுதிவிட்டேனோ? கணக்காகத் தவிடு நிறுக்கிறவள், பிள்ளை செத்தது தெரியாதவளா? தெரியும். என் அப்பா போய் எட்டு வருஷமாயிற்று, அவர் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. அதை இப்போது வேறு யாரோ வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என்னை யாரும் முட்டாள் என்று சொல்வதில்லை. அவளையும் சொல்லாதீர்கள்.)

அவள் மனம் மாறியது ரிஜின் சொன்னதாலும் இல்லை, நவ்ஷாத் சொன்னதாலும் இல்லை. ஒரு மத்தியானம் மெம்பர் வளைக்குள் போகமாட்டாமல் வெளியே கிடந்தது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. பொக்லைன் அதன் மேல் மீசையை வைத்தபடி வாசலிலேயே நின்றது. ஷமீனா வெகுநேரம் பார்த்தாள், பிறகு கடைக்கு வந்தாள்.

"ஏனுங்க, அவன் போன்ல மூச்சு வாங்குனானே, அதே மாதிரி வாங்குதுங்க. இன்னொருக்கா என்னால பாக்க முடியாது. மண்ண எடுக்கச் சொல்லுங்க." திரைச்சீலையைப் பிடித்தபடி திரும்பிச் சொன்னாள். "வெறுங்கண்ணாடி வேண்டாம். அவன் பார்த்துப் பார்த்துப் போட்டானே, அதே மண்ணுதான் போடோணும். நாந்தான் போடுவேன்."

6

ஞாயிற்றுக்கிழமை காலை. கடை அடைப்பு. மெம்பரையும் பொக்லைனையும் ஒரு வாளியில் விட்டு, தொட்டியின் வலது பக்கத்து மண்ணை ரிஜின் குழாயால் உறிஞ்சி எடுத்தான். இன்னொரு வாளியில் கறுப்புச் சேறு நிறைந்தது. நாற்றம் தாங்காமல் ரிஜின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஷமீனா முக்காட்டால் மூக்கைப் பொத்தவில்லை.

நவ்ஷாத் சேற்று வாளியைத் தூக்கினார்.

"இதுல மூணு பிடி கபர்ல போட்டுட்டு வந்தர்றேன். அவன் கைபட்ட மண்ணு. அன்னிக்குத்தான் என்னால போட முடியல."

நவ்ஷாத் அந்த வாளியோடு கபர்ஸ்தான் வாசலை—

(அடித்துவிட்டேன். எனக்கும் ஆசைதான், முடிவு தானாகக் கையில் வந்து விழுகிறதே என்று. ஆனால் ஷமீனா சொன்னாள்: "உப்பு மண்ணுங்க அது. கபர் மேல வெச்ச செடி கருகிப் போயிரும்." அதற்கு மேல் எந்த மடையன் எழுதுவான்? நவ்ஷாத் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.)

உப்புத்தண்ணீரில் அலசிய புது மண் தாம்பாளத்தில் இருந்தது. கப்பால் மெதுவாக இறக்கச் சொன்னான் ரிஜின். ஷமீனா கப்பை வாங்கவில்லை. கையிலிருந்த கைக்குட்டையை ஓரம் வைத்தாள், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டாள். பிஸ்மில்லா சொல்லி ஒரு பிடி அள்ளினாள். தண்ணீர் கலங்காமல் இருக்கக் கையை அடிவரைக்கும் இறக்கி, விரலை விரித்தாள். வெள்ளை மண் கண்ணாடியில் உட்கார்ந்தது.

இரண்டாவது பிடி. அதையும் விட்டாள்.

மூன்றாவது பிடியை அள்ளியபோதுதான் நவ்ஷாத்துக்கு விளங்கியது. அவளுக்கும் அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். கை தண்ணீருக்கடியில் மூடியபடியே நின்றுவிட்டது.

"விடுங்க இத்தா," என்றான் ரிஜின். "மீனு அதிக நேரம் தாங்காது."

7

இந்த இடத்தில் கடைக்கு ஒரு ஆள் கயிறு கேட்டு வந்தார். நவ்ஷாத் எழுந்து போனார். திரும்பி வந்ததும் அப்புறம் என்னாச்சு என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்த அவகிட்டத்தானுங்க கேக்கோணும்," என்றார். திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. போய்க் கேட்டிருக்கலாம். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. தொட்டியில் விளக்கு எரிகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மெம்பர் புது மண்ணில் இறங்க, பொக்லைன் தோண்ட ஆரம்பிக்கிறது. இன்னொன்றில் மறுநாள் காலை இரண்டும் செத்துக் கிடக்கின்றன. இரண்டையும் கிழித்தேன். இரண்டிலுமே முதலில் அவள் கையைத் திறந்தாக வேண்டியிருந்தது. திறந்தால் அவள் தன் பிள்ளையை அடக்கம் செய்துவிடுவாள். திறக்காவிட்டால் வாளியில் கிடக்கிற அந்த உயிர் இரண்டும் போய்விடும். அவள் விரலைப் பிரிக்க நான் யார்? நான் மழைக்கு ஒதுங்கியவன்.

நீங்கள் அப்படியில்லை. முதல் வரியிலிருந்து இதுவரைக்கும் நிற்காமல் கூடவே நடந்து வந்திருக்கிறீர்கள். நவ்ஷாத் பாய் சொன்னதை நினைவு வைத்திருப்பீர்கள். சொந்தமாக இருக்கவேண்டுமென்றில்லை, கபரடி வரைக்கும் வந்தவர் யாரும் போடலாம்.

அவள் கை இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது.