ஊறப்போட்ட கோடாலி

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். என் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. இன்றைக்குக் கொஞ்சம் கசப்பான கதைதான். ஆனால் கசப்போடு உங்களை எழுப்பி அனுப்ப மாட்டேன்.

யூதர்களின் பழைய வேதத்தில் ஒரு சட்டம் உண்டு. மரம் வெட்டும்போது கோடாலித் தலை தெறித்துப் பக்கத்தில் நின்றவன் செத்தால், வெட்டியவன் ஓடிப் பிழைக்கச் சில ஊர்களை ஒதுக்கி வைத்திருந்தார்களாம். பழிவாங்க வருகிறவன் அங்கே அவன்மேல் கை வைக்க முடியாது. நம் நெட்டையனுக்கு அப்படி ஓர் ஊர் இல்லை.

நெட்டையன் விறகுக்கடையில் மரம் பிளக்கிறவன். கூட வேலை செய்தவன் அவன் சகலை. அக்காவை அவன் கட்டியிருந்தான், தங்கையை இவன். ஒருவரையொருவர் கிண்டலடிக்காமல் அவர்களுக்குப் பொழுது போகாது. ஒருநாள் உச்சி வெயிலில் நெட்டையன் ஓங்கிய கோடாலியின் தலை கழன்று பறந்தது. குனிந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்த சகலை கத்தக்கூட இல்லை.

‘விபத்து’ என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. ‘விதி’ என்றார் கடை முதலாளி. எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் ஆட்டவில்லை. அடக்கம் முடிந்து நெட்டையன் அவள் வாசலில் வந்து நின்றபோது, பாத்திரம் கழுவிய தண்ணீரை அவன் காலில் கொட்டினாள்.

“தெரியாம நடந்துருச்சுக்கா...”

“உன் கையில இருந்தது உனக்குத் தெரியாதா? இன்னொரு தடவை ‘தெரியாம’ன்னு சொன்னே, நாக்கை இழுத்து வெச்சு அறுப்பேன். போ!”

லாரி ஓட்டப் போயிருந்த அவள் தம்பி சேதி கேட்டுத் திரும்பி வந்தான். லாரியின் இரும்பு ஜாக்கி ராடை மடியில் வைத்துக்கொண்டு தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தான். “இந்தத் தெருவுல அவன் கால் வைக்கட்டும், பொணமாத்தான் திரும்புவான்” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

“என் தம்பி முரடன். வேற ஊருக்குப் போயிருவோங்க” என்று அழுதாள் நெட்டையன் மனைவி.

“சொல்லாம போனா அங்கயும் சோறு இறங்காதுடி” என்று கிளம்பிவிட்டான்.

பட்டப்பகலில் தெருவுக்குள் நுழைந்தான். தம்பி எழுந்து பின்னாலேயே வந்தான். “வாடா. உன்னை மாமான்னு கூப்பிட்ட வாயை இன்னும் கழுவிக்கிட்டே இருக்கேன்.”

“அடிக்கிறதுன்னா அடி. அக்காகிட்ட ஒண்ணு சொல்லிடறேன்.”

சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வந்தாள்.

“அக்கா, கோடாலி ஆடுதுன்னு எனக்குத் தெரியும். ஆப்பு அடிச்சு இறுக்கியிருக்கணும். சோம்பல். வாளித் தண்ணில ஊறப்போட்டேன். ஊறினா பிடி உப்பி இறுகிக்கும், வெயில்ல காஞ்சா முன்னைவிட ஆடும். அதுவும் தெரியும். ‘என்னடா, கோடாலிக்குக் குளியலா?’ன்னு சகலை கேட்டான். சிரிச்சேன். கொல்லணும்னு நினைக்கல. ஆனா விதி இல்லக்கா. நான்தான்.”

தம்பியின் ராடு உயர்ந்தது. அக்கா பாய்ந்து நெட்டையன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, வாசற்படிக்கு உள்ளே இழுத்துப் போட்டாள்.

“தள்ளுக்கா! உன் புருஷனைக் கொன்னவன்!”

“அதான் அவனே சொல்றானே. இத்தனை பேர்ல அவன் ஒருத்தன்தான் சொல்றான். இது என் வீடு. இங்க இவன் மேல கை பட்டா என் மேல பட்ட மாதிரி.”

“அப்ப மன்னிச்சுட்டியா?”

“மன்னிக்கிறதா? இவன் மூஞ்சியைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது! இவனைக் கொன்னுட்டு நீ ஜெயிலுக்குப் போயிட்டா, நான் யாருகிட்டடா சண்டை போடுவேன்?”

தம்பி ராடைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். அவள் நெட்டையன் பக்கம் திரும்பினாள்.

“தினம் வந்து என் அடுப்புக்கு விறகு பிளந்து போடு. எங்கிட்ட பேசாதே. ஆப்பு அடிச்ச கோடாலியா எடுத்துட்டு வா.”

அவன் வந்தான். வெட்டத் தொடங்குமுன் ஒவ்வொரு நாளும் அவள் கோடாலியை வாங்கி, தலையைத் திருகிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுப்பாள். கடைசிவரை அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் எந்தப் பிடியும் ஆடாமல் இருக்கட்டும், கண்ணுகளா. ஆடினால், அதை முதலில் சொல்கிற வாய் உங்கள் வீட்டு வாயாக இருக்கட்டும். சொல்லிவிட்டு வந்து நிற்பவனுக்கு உங்கள் வாசல் திறக்கட்டும். நன்றாக இருங்கள்.