மேட்டுக்கு மேல் விழுந்த கியர்

மூன்றாவது முறையாக அந்த வெள்ளை பிக்கப் டுவேனின் பட்டறைக்கு வந்தது. இந்த முறையும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஊருக்குள் ஓட்டினான். நெடுஞ்சாலையில் விரட்டினான். ஆட்டோமேட்டிக் கியர் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. கோளாறு காட்டும் கருவியை மாட்டிப் பார்த்தால், கியர்பாக்ஸுக்குப் போகும் மின்சாரம் எப்போதோ குறைந்தது என்று மட்டும் காட்டியது. ஏன் குறைந்தது என்று அது சொல்லாது. ஆயில் மாற்றியாகிவிட்டது. போன மாதம் உள்ளே வால்வுத் தொகுதியையே புதிதாகப் போட்டும் ஆகிவிட்டது.

"நல்லாத்தான் ஓடுது, வெர்னாம்மா."

"ஒங்கிட்ட வந்தா நல்லாத்தான் ஓடும். மேய்ச்சல் காட்டு மேட்டுல ஏறட்டும், எவனோ பின்னால எட்டி உதைச்ச மாதிரி ஒரு இடி. அப்புறம் மூணாவது கியர்லயே செத்துக் கிடக்கும்."

வெர்னா அந்தப் பண்ணைக்காரி. மாட்டு மந்தையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவள். போன வாரம் பனிப் பள்ளத்தில் வண்டி ஏற மறுத்து, நடந்தே வீட்டுக்கு வந்திருந்தாள். கால்விரல்கள் இன்னும் மரத்துக் கிடந்தன.

"நாளைக்குப் புயல் வருது. மாடெல்லாம் சினை. வண்டி நடுக்காட்டுல நின்னா மாடும் சாகும், நானும் சாவேன். இன்னைக்குச் சரியாகலைன்னா மொத்த மாட்டையும் ஏலத்துக்கு அனுப்பிடுவேன். ஏலக்காரன்கிட்ட பேசிட்டேன்."

டுவேன் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியின் பக்கத்து இருக்கையில் ஏறினான். "வாங்க. உங்க மேட்டையே பார்த்துடலாம்."

பின்னால் பெட்டி நிறையப் புண்ணாக்குக் கட்டி. மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது.

"ஏறிடுச்சே."

"கண்ணு வெக்காத, இரு."

உச்சியில், புண்ணாக்கைத் தரையில் கொட்டும் தீவனப் பெட்டியின் மோட்டாரைப் போட்டு, வண்டியை மெதுவாக நகர்த்தியபடி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். சைரன் அலறியது. தூரத்தில் மாடுகள் தலை தூக்கி ஓடிவரத் தொடங்கின. அதே நேரத்தில் வண்டிக்கு அடியில் தடாரென்று ஒரு இடி. கியர் விளக்கு கண் சிமிட்டியது.

"பார்த்தியா! மேடுதான்!"

"இப்ப என்ன அமுக்கினீங்க?"

"சைரன். மாட்டை வேற எப்படிக் கூப்பிடறது, போன் போட்டா?"

இஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னான். கியர் ஒழுங்காக மாறியது. சைரனை மட்டும் அமுக்கினால் சில தடவை இடி வராமல் தப்பியது. தீவன மோட்டாரும் சேர்ந்து சுற்றினால் ஒரு தடவையும் தப்பவில்லை.

"நிறுத்துடா, மாடு குழம்புது!"

டுவேன் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தான். சைரனின் வயர், கியர்பாக்ஸுக்குப் போகும் ஃப்யூஸ் வயரோடு முறுக்கி ஒட்டப்பட்டிருந்தது. சைரன் அலறும்போதெல்லாம் கியருக்குப் போக வேண்டிய மின்சாரத்தை அது உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"இது யார் வேலை?"

"நான்தான். பழைய தீயணைப்பு வண்டியிலேர்ந்து கழட்டி மாட்டினேன்."

"இங்க ஏன் மாட்டினீங்க?"

"அதுதான் கைக்கு எட்டுச்சு."

"வண்டியில புதுசா ஏதாவது மாட்டினீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனே!"

"சைரனை வண்டியோட சேர்த்தியா? அது மாட்டோடதுடா."

டுவேன் சைரனின் வயரைப் பிய்த்து எறிந்தான். வண்டி பள்ளத்தில் இறங்கித் திரும்பி ஏறியது, இடி இல்லாமல். மாடுகள் பாதி வழியில் நின்று இவர்களை முறைத்துக்கொண்டிருந்தன.

"வண்டி ஓடுது, மாடு நிக்குது," என்றாள் வெர்னா. "இதை வெச்சு நான் என்ன பண்ண? ஹாரனுக்கு அதுங்க வராது. அதைத் தபால்காரனும் அடிப்பான்."

அவன் திட்டிக்கொண்டே இறங்கினான். எதிர்காற்றில் கையுறை இல்லாமல், சைரனுக்கு பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்தான். தீவன மோட்டாருக்கும் இன்னொன்று. விரல் நுனி கிழிந்து, இழுத்த இடமெல்லாம் ரத்தம் தீற்றியது. வெர்னா டார்ச்சைத் தப்பான பக்கமே பிடித்தாள்.

"இப்ப ரெண்டையும் போடுங்க," என்று ஏறி உட்கார்ந்தான்.

சைரன் அலறியது. புண்ணாக்கு கொட்டியது. வண்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாறி நகர்ந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மாடுகள் மூச்சுப் புகையோடு வண்டியைச் சுற்றி மொய்த்தன.

"அப்ப போன மாசம் எனக்கு வால்வு எதுக்கு மாத்தின?"

டுவேன் விரல்களைக் கக்கத்தில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"கேக்கறேன்ல?"

"ஓட்டுங்க வெர்னாம்மா."

அவள் ஓட்டினாள். மேடு இறங்கியதும், "போன் எங்க வெச்சேன்?" என்று இருக்கையைத் தடவினாள். "வேண்டாம்னு இப்பவே சொல்லலைன்னா அந்த ஏலக்காரன் புயலுக்கு முன்னாடியே லாரியோட வந்து நிப்பான்."