ஏரியில் விட்ட சட்டை

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரியில் நானும் என் வீட்டுக்காரர் மணிவேலும் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறோம். வலை விடுவதற்கு முன்னால் ஒரு சுற்றுப் போய்க் குப்பை அள்ளுவது எங்கள் தலையெழுத்து. அவர் துடுப்புப் போடுவார், நான் தொரட்டியால் இழுப்பேன். பாட்டில், தெர்மாகோல், பூமாலை, போதாததற்குக் கருமாதி மூட்டைகள் வேறு. செத்தவர் துணிமணியை வீட்டில் வைக்கக்கூடாதாம், தண்ணீரில் விட்டுவிட வேண்டுமாம். விடுகிறவர்களுக்கு என்ன, கிழிவது என் வலை அல்லவா! கரையில் யார் நின்றாலும் திட்டித் தீர்த்துவிடுவேன்.

அன்றைக்கும் ஒரு மூட்டையை இழுத்துக் கரையில் போட்டு அவிழ்த்தேன். பாய், தலையணை, நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று. "எந்த மகராசி..." என்று ஆரம்பிப்பதற்குள் மேலத்தெரு சம்பூர்ணம் அக்கா ஓடி வந்தார். முந்தாநாள்தான் அவர் புருஷனுக்குக் கருமாதி முடிந்திருந்தது. திட்டு என் வாயிலேயே நின்றுவிட்டது.

"அடிப்பாவி, ஏன்டி எடுத்தே? தண்ணியில விட்டது திரும்பி வந்தா அவரும் வூட்டுக்குத் திரும்பி வந்துடுவாருன்னு சொல்றாங்களே! நடு ஏரியில கொண்டுபோய் விட்டுடு பானு. உன் கால்ல வேணா விழுறேன்."

சொன்னதோடு குனிந்தும்விட்டார். பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். 'பாவம், விட்டுட்டு வந்துடலாம்' என்பது போல மணிவேல் என்னைப் பார்த்தார். விட்டால் நாளைக்கு நான்தானே மறுபடி இழுக்க வேண்டும்?

"அக்கா, போன வருஷம் என் மாமியார் துணிய நானே இங்கதான் விட்டேன். மூணாம் நாள் என் வலையிலயே வந்து மாட்டுச்சு."

"ஐயையோ! அப்புறம் அவங்க வந்தாங்களா?"

"எங்க வந்தாங்க? இருந்தவரைக்கும் தெனம் சண்டைதான் எங்களுக்கு. வந்துடுவாங்களோன்னு ஒரு வாரம் பயந்துக்கிட்டே கெடந்தேன். அப்புறம் வரலியேன்னு அழுதேன்."

சம்பூர்ணம் அக்காவின் கண் கீழே கிடந்த சட்டைமேல் போனது.

"வந்தாத்தான் என்னக்கா? நம்ம மாமாதானே?" என்றேன்.

அவர் உட்கார்ந்து சட்டையை எடுத்துப் பிழிந்தார். ஒருமுறை உதறினார். அப்புறம் ஈரத்தோடு நெஞ்சில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கும் தாங்கவில்லை, கூடவே அழுதேன்.

பாயையும் தலையணையையும் பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் போட்டுவிடச் சொன்னார். சட்டையை மட்டும் கொடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"வாசக் கொடியிலயே காயப்போடறேன் பானு. வந்தாருன்னா கண்ணுல படட்டும்."